சாம்பார் சாதமும் பால் பிஸ்கட்டும் போதுமா? வீட்டு நாய்க்குச் சரியான சாப்பாடு அமைக்க ஒரு வழிகாட்டி

"நாய்க்கு என்ன போடுறீங்க?" என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "நாங்க என்ன சாப்பிடுறோமோ அதைத்தான்." சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும். வீட்டில் ஒருவனாக வளர்க்கிறோம் என்ற பெருமை. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன், எங்கள் செவலையை மருத்துவர் தராசில் ஏற்றும் வரை. 19 கிலோ இருக்க வேண்டிய நாட்டு நாய் 24 கிலோ காட்டியது. "என்ன சார், கிடா வெட்டுக்கு வளர்க்குறீங்களா?" என்றார் அவர்.

அன்றைக்கு ராத்திரி ஒரு தாளில் செவலையின் ஒரு நாள் சாப்பாட்டை எழுதினோம். காலையில் பாலில் ஊறப்போட்ட பிஸ்கட். மதியம் சாம்பார் சாதம். நாலு மணிக்கு அம்மா கையால் முறுக்கு. ராத்திரி தயிர் சாதம். நடுவில் வருகிற போகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாங்கள் கடித்துப் போட்ட எலும்பு. ஒரு வாரக் கணக்கில் அவனுக்கு உருப்படியாகக் கிடைத்த கறி, எங்கள் வீட்டில் ஒரு ஆள் ஒரு வேளைக்குச் சாப்பிடுகிற அளவுகூட இல்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சோறு நாய்க்கு எதிரி இல்லை. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு, ஓநாயைவிட நாய்க்குப் பல நகல்கள் கூடுதலாக இருக்கிறது என்று 2013-ல் வந்த ஆய்வு காட்டியது. மனிதன் வீட்டு வாசலில் படுத்துக் கிடந்த காலத்தில் கிடைத்த வரம் அது. சிக்கல், சோறு மட்டுமே இருப்பதில். அதற்கடுத்த சிக்கல், அந்தச் சோற்றில் நாம் பிசைந்து போடும் குழம்பில்.

முதல் வேலை: எடையும் விலா எலும்பும்

நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி நில்லுங்கள். அப்புறம் நீங்கள் மட்டும் ஏறுங்கள். கழித்தால் நாயின் எடை. தூக்க முடியாத நாய் என்றால் கால்நடை மருத்துவமனைத் தராசுதான்.

எடை பாதிக் கதைதான், மீதியைக் கைதான் சொல்லும். உங்கள் கையை மேசை மேல் விரித்து வைத்து, மறு கை விரல்களால் மூன்று இடங்களைத் தடவிப் பாருங்கள். முதலில் முஷ்டி மடக்கி, மேலே துருத்தும் கணுக்களைத் தடவுங்கள். நாயின் விலா அப்படி இருந்தால் மெலிந்திருக்கிறது. இப்போது விரல்களை நீட்டி, புறங்கையைத் தடவுங்கள். எலும்பு தெரிகிறது, ஆனால் மேலே மெல்லிய ஒரு போர்வை இருக்கிறது, இல்லையா? அதுதான் சரி. கடைசியாகக் கையைத் திருப்பி, பெருவிரலுக்குக் கீழே உள்ள சதையை அழுத்துங்கள். விலா அப்படி இருந்தால் நாய் குண்டு. பிறகு நாயை மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்னோக்கி மேலேற வேண்டும்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்கு இதில் ஒரு விலக்கு உண்டு. ஓடிப் பிடிக்கவே வளர்த்த இனங்கள் இவை. கடைசி இரண்டு மூன்று விலா கண்ணுக்குத் தெரிவது அவற்றின் வாகு. "சோறே போட மாட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டார் கேட்பதற்காக அவற்றைக் கொழுக்க வைக்காதீர்கள்.

குண்டாக இருப்பது அழகு என்று நினைப்பவர்களுக்கு 2002-ல் வெளியான ஒரு நீண்ட ஆய்வைச் சொல்ல வேண்டும். 48 லாப்ரடார் நாய்கள், ஜோடி ஜோடியாக. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான சாப்பாடு, வாழ்நாள் முழுக்க. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக இரண்டு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது.

இரண்டாவது: ஒரு நாளைக்கு எவ்வளவு

கணக்கு சுலபம். நாயின் எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டுங்கள். சும்மா படுத்திருந்தாலே உடம்புக்குத் தேவைப்படும் கலோரி அது. கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் வளர்ந்த நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்குங்கள். கருத்தடை செய்யாததற்கு 1.8. நாலு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு மூன்று மடங்கு, அதற்கு மேல் வளரும் வரை இரண்டு மடங்கு.

20 கிலோ நாய் என்றால் 600-உம் 70-உம் 670. கருத்தடை ஆன நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,070 கலோரி. 10 கிலோ நாய்க்கு 590. இரண்டு கிலோவுக்கும் கீழே உள்ள பொடி நாய்க்கும், 45 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய நாய்க்கும் இந்தச் சுருக்குக் கணக்கு ஒத்துவராது.

இது தொடக்கப் புள்ளிதான். நாள் முழுக்கக் கட்டிப் போட்ட நாய்க்கு இதைவிடக் குறைவு போதும், தோட்டத்தில் ஓடித் திரியும் நாய்க்குக் கூடுதல் வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலாவைத் தடவிப் பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

இளைக்க வேண்டிய நாய்க்கு, அது இருக்க வேண்டிய எடைக்குக் கணக்குப் போட்டு, பெருக்காமல் அப்படியே கொடுக்கலாம். செவலைக்கு 19 கிலோவுக்கு 640 கலோரி. வாரத்துக்கு உடம்பு எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் நல்ல வேகம். அவன் 19-க்கு வர ஐந்து மாதம் ஆனது.

இந்த இடத்தில் பிஸ்கட் கணக்கையும் முடித்துவிடலாம். ஒரு மேரி பிஸ்கட் 20 கலோரிக்குக் குறையாது. எங்கள் வீட்டில் நாலு பேர், ஆளுக்கு மூன்று என்று வையுங்கள், 240 கலோரி காலி. நொறுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கணக்கில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நாங்கள் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் காலையில் அன்றைய பங்கைப் போட்டுவிடுவோம், அவித்த கேரட் துண்டும் கொஞ்சம் உலர்தீனியும். பாட்டில் காலியானால் அன்றைக்கு யாருக்கும் கொடுக்கும் உரிமை கிடையாது. அம்மா முறுக்கை முந்தானைக்குள் வைத்துக் கடத்தியது தனிக் கதை.

மூன்றாவது: வீட்டுச் சமையலா, பாக்கெட்டா

என் அபிப்பிராயம் இது: தினமும் நிறுத்து அளந்து சமைக்கப் பொறுமை இல்லாதவர்கள் நல்ல பாக்கெட் தீனி வாங்குவதே நாய்க்கு நல்லது. வீட்டுச் சமையல் என்றாலே சத்து என்ற நம்பிக்கையை 2013-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் சோதித்தார்கள். புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளை எடுத்துப் பார்த்ததில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அவசியச் சத்தாவது குறைந்தது. அவற்றில் சிலவற்றை எழுதியவர்களே கால்நடை மருத்துவர்கள்தான்.

ஆனாலும் நான் சமைத்துத்தான் போடுகிறேன், செலவும் எனக்குக் கட்டுபடியாகிறது. 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,000 கலோரி வரும்படி எங்கள் வீட்டு அளவு இப்படி:

எலும்பும் தோலும் நீக்கிய கோழிக்கறி 300 கிராம், பச்சையாக நிறுத்தது
கோழி ஈரல் 40 கிராம்
முட்டை 1
வெந்த சோறு 300 கிராம்
பூசணி, கேரட், பீன்ஸ் ஏதாவது 100 கிராம்
சமையல் எண்ணெய் 2 டீஸ்பூன்
முட்டை ஓட்டுத் தூள் அரை டீஸ்பூனுக்குச் சற்றே கூட, சுமார் 3 கிராம்

கறியையும் ஈரலையும் காயையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு குக்கரில் மூன்று விசில். முட்டையைத் தனியாக அவித்து நசுக்கிச் சேர்க்கலாம். பச்சை முட்டை வேண்டாம். வெள்ளைக் கருவில் உள்ள ஒரு புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைச் சேர விடாமல் பிடித்துவைக்கும், வேகவைத்தால் அந்தத் தொந்தரவு இல்லை. சோற்றைக் குழைய வடித்து எல்லாம் ஒன்றாகப் பிசைந்து இரண்டு வேளைக்குப் பங்கிடுங்கள். உப்பு போடத் தேவையில்லை, கறியிலும் முட்டையிலும் இருப்பதே போதும். மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை போடும் பழக்கம் இருந்தால் போடுங்கள், அதில் பெரிய அற்புதமும் இல்லை, கெடுதலும் இல்லை.

இந்தப் பட்டியலில் பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவது முட்டை ஓட்டுத் தூள். கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகச் சொற்பம். மாதக்கணக்கில் கறியும் சோறும் மட்டும் போட்டால் உடம்பு தனக்கு வேண்டிய கால்சியத்தை எலும்பிலிருந்து உருவ ஆரம்பிக்கும். குட்டிகளுக்கு எலும்பு வலுவிழந்து கால் வளையும், லேசாகக் குதித்தாலே எலும்பு முறியும். நாள் தவறாமல் கறி போட்டும் இந்த நிலைக்கு வந்த குட்டிகளைப் பார்த்திருக்கிறேன். முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்க வைத்து, வெயிலில் காய விட்டு, மிக்ஸியில் மாவாகும் வரை அரைக்க வேண்டும். விரலில் தேய்த்தால் நெறுநெறுக்கக் கூடாது. ஒரு ஓட்டில் சுமார் 5 கிராம் தூள் வரும், அதில் கால்சியம் ஏறத்தாழ 2 கிராம்.

இவ்வளவு செய்தும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி, ஈ போன்றவை இந்தத் தட்டில் குறையும். அதனால் நாய்களுக்கென்று விற்கும் வைட்டமின் தாது உப்புக் கலவையை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும். அந்த மருந்துச் சீட்டோடு இந்தச் சமையல் அளவையும் காட்டிக் கேட்பது நல்லது. வாரம் ஒரு நாள் கோழிக்குப் பதில் அவித்து முள் நீக்கிய மத்தி மீன் போடுகிறோம். பச்சை மீன் கூடாது. கருவாடு உப்பு, அதுவும் கூடாது. ஈரல் மலிவாகக் கிடைக்கிறதே என்று தட்டை நிரப்பாதீர்கள், வைட்டமின் ஏ அளவு மீறி எலும்பைக் கெடுக்கும்.

சைவ வீடுகளில் நாய் வளர்க்க முடியாதா என்று கேட்பார்கள். முட்டைக்குச் சம்மதம் என்றால் சிரமம் இல்லை. முட்டை, பனீர், தயிர், வெந்த மீல் மேக்கர், பாசிப்பருப்பு என்று புரதத்தைத் தேற்றலாம். முட்டையும் கூடாது என்றால் வீட்டுச் சமையலை நம்பாதீர்கள், முழுச் சத்து உறுதி சொல்லும் பாக்கெட்டுக்குப் போய்விடுங்கள்.

நான்காவது: குழம்புச் சட்டியைத் தள்ளி வையுங்கள்

நம் வீட்டுச் சாம்பாரை ஒரு நாய் மருத்துவர் கண்ணால் பார்த்தால் என்ன தெரியும்? முதலில் வெங்காயம். சின்னதோ பெரியதோ, பச்சையோ வதக்கியதோ, அரைத்ததோ, எல்லாம் ஒன்றுதான். அதில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் உள்ளே போனாலே ரத்தத்தில் மாற்றம் தெரியும். ஒரு வேளைச் சாம்பாரில் அவ்வளவு போகாது என்பது உண்மைதான். ஆனால் தினமும் போடுகிறோமே. பூண்டும் அதே குடும்பம், கிராம் கணக்கில் வெங்காயத்தைவிட வீரியம்.

அடுத்தது புளி. திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் என்பது பல ஆண்டுகளாகத் தெரியும், எதனால் என்றுதான் தெரியாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்க விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு மைய மருத்துவர்கள், திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலத்தின் மேல் சந்தேகத்தைத் திருப்பினார்கள். அந்த அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் புளி. புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி சிறுநீரகப் பாதிப்பு வந்ததைப் பார்த்திருக்கிறார்கள். எத்தனையோ நாய்கள் குழம்புச் சோறு தின்று வாழ்ந்திருக்கின்றன என்பீர்கள். சரிதான். எந்த நாய்க்கு எவ்வளவில் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாத ஒன்றை எதற்காகப் போட வேண்டும்? புளியோதரையும் புளிக்குழம்பும் எங்கள் வீட்டில் செவலைக்கு நின்றுபோனது இதைப் படித்த அன்றுதான்.

பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் கிஸ்மிஸ் பழமும் திராட்சைதான். பண்டிகை நாட்களில் இது கண்ணில் படாமல் உள்ளே போய்விடும். சாக்லேட், அதிலும் கறுப்புச் சாக்லேட், கூடாது. சர்க்கரை இல்லாத சூயிங்கத்திலும் சில இனிப்புகளிலும் இருக்கும் சைலிடால், அரை மணி நேரத்தில் நாயின் ரத்தச் சர்க்கரையைத் தரைக்குக் கொண்டுவந்துவிடும், கல்லீரலையும் தாக்கும். இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், தின்ற பொருளின் உறையோடு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியம் வேண்டாம், உப்பே நஞ்சாகும்.

விஷமில்லாமலே உயிருக்கு உலை வைப்பவையும் உண்டு. மாங்கொட்டை, சோளக்கட்டை இரண்டும் அப்படியே விழுங்கப்பட்டுக் குடலில் அடைத்துக்கொள்ளும், அறுவைச் சிகிச்சைதான் வழி. வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குத்தும். ஒரு பக்ரீத் பிரியாணிக்குப் பிறகு செவலை இரண்டு நாள் முக்கி முக்கி, வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிபோல வெளியேற்றினான். அத்தனையும் ஆட்டெலும்பு. அந்தப் பிரியாணியின் நெய்யும் கொழுப்பும் வேறு தனி ஆபத்து, திடீரென்று அவ்வளவு கொழுப்பு போனால் கணையம் வீங்கும்.

பால் பல நாய்களுக்குப் பேதி. தயிரோ மோரோ அவ்வளவு தொந்தரவு செய்வதில்லை. கோடையில் ஒரு கரண்டித் தயிரைச் சோற்றோடு பிசைந்து கொடுப்பதில் தப்பில்லை, தயிர் சாதமே முழுச் சாப்பாடு ஆகாது என்பதுதான் விஷயம்.

ஐந்தாவது: குட்டியாக இருந்தால்

தெருவில் கண் திறக்காத குட்டியை எடுத்து வந்து பசும்பாலில் தண்ணீர் கலந்து புகட்டுவதுதான் நம் வழக்கம். தாய் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட இரண்டு மடங்கு இருக்கும். நாம் அதில் தண்ணீரும் ஊற்றுகிறோம். மருந்துக் கடைகளில் குட்டிகளுக்கான பால்மாவு கிடைக்கும், அதுதான் நல்லது. மூன்று நாலு வாரத்திலிருந்து குழைத்த தீனியைப் பழக்கலாம். நாலு மாதம் வரை நாளுக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதற்குப் பிறகு இரண்டு. எவ்வளவு போட்டும் தேறாமல் வயிறு மட்டும் உப்பியிருந்தால் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள், பூச்சி மருந்து எப்போது கொடுத்தோம் என்று பாருங்கள்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் குட்டிகளுக்கு ஒரு எச்சரிக்கை. பெரிய இனக் குட்டிக்கான பாக்கெட் தீனி போட்டுக்கொண்டே, எலும்பு பலப்படட்டும் என்று கால்சியம் டானிக்கையும் ஊற்றுவார்கள். அளவுக்கு மீறிய கால்சியத்தைத் தள்ளிவிடக் குட்டி உடம்புக்குத் தெரியாது. எலும்பு கோணலாக வளரும். முழுச் சத்துத் தீனி தின்னும் குட்டிக்கு டானிக் வேண்டவே வேண்டாம்.

ஆறாவது: பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கப் படத்தில் வறுத்த கோழித்தொடை இருக்கும், அதைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் தேட வேண்டியது, "முழுமையான, சமச்சீரான உணவு" என்ற பொருளில் எழுதியிருக்கிறதா, எந்த வயதுக்கு என்று சொல்லியிருக்கிறதா என்பதை. நாய்த் தீனிக்கு அமெரிக்காவில் அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் கணக்கில், ஈரம் நீங்கலாக, வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம், குட்டிக்கு 22.5.

அந்த "ஈரம் நீங்கலாக" முக்கியம். கிரேவிப் பாக்கெட்டில் புரதம் 8 சதவீதம் என்று இருப்பதைப் பார்த்து மட்டம் என்று நினைக்கத் தோன்றும். அதில் 80 சதவீதம் தண்ணீர். மீதி 20-ல் 8 என்றால் 40 சதவீதம். உலர்தீனியில் ஈரம் 10 சதவீதம்தான், அங்கே 24 என்று இருந்தால் கணக்கில் சுமார் 27. உலர்தீனி 100 கிராமில் 350-லிருந்து 400 கலோரி வரை இருக்கும். 20 கிலோ நாய்க்கு 280 கிராம் அளவில் போதும். டம்ளரில் அளக்காமல் ஒரு தடவையாவது தராசில் நிறுத்துப் பார்த்து, அந்த டம்ளரில் கோடு போட்டு வையுங்கள்.

கடைகளில் 20 கிலோ மூட்டையைப் பிரித்துக் கிலோக் கணக்கில் லூசாக விற்பார்கள். மலிவுதான். என்றைக்குப் பிரித்தது, என்ன காற்றுப் பட்டது, எத்தனை மழை பார்த்தது என்று தெரியாது. கொழுப்பு சிக்கு வாடை அடித்துப்போகும், பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும், நாயின் கல்லீரலுக்கு அது எமன். சிறிய பாக்கெட்டாக வாங்கி, அந்தப் பாக்கெட்டோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

தானியமில்லாத தீனி என்று விலை உயர்த்தி விற்பதற்கு மயங்க வேண்டாம். பட்டாணி, பருப்பு வகைகள் மிகுந்த அத்தகைய தீனிக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது, முடிவான பதில் கிடைக்கவில்லை.

ஏழாவது: மெல்ல மாற்றுங்கள்

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே தட்டை மாற்றினால் நாளை மறுநாள் வீடு முழுக்கக் கழுவ வேண்டியிருக்கும். முதல் இரண்டு நாள் பழையது முக்கால், புதியது கால். அடுத்த இரண்டு மூன்று நாள் பாதிப் பாதி. அப்புறம் கால், முக்கால். ஒரு வாரம் பத்து நாளில் முழுதாக மாறலாம். மலம் கையில் எடுத்தால் தரையில் ஒட்டாமல் உருண்டையாக வர வேண்டும். கூழாக வந்தால் ஒரு படி பின்னே போய் இரண்டு நாள் நில்லுங்கள்.

குழம்புச் சுவைக்குப் பழகிய நாய் முதல் சில நாள் தட்டைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்கும். தட்டை வைத்து இருபது நிமிடம், தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைதான். நடுவில் பிஸ்கட் நீட்டினால் பந்தயத்தில் நாய் ஜெயித்தது என்று அர்த்தம். செவலை ஒன்றரை நாள் தாக்குப்பிடித்தான். குட்டியிடமும் பொடி இன நாயிடமும் இந்தப் பிடிவாதம் வேண்டாம், அவற்றுக்குப் பட்டினி தாங்காது.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். கிலோவுக்கு 50, 60 மில்லி ஒரு நாளைக்கு, சித்திரை வெயிலில் இன்னும் கூட. அகன்ற நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு ஒரே வேளையில் நிறையப் போட்டு உடனே ஓட விடாதீர்கள். இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டால் மணிக்கணக்கில்தான் உயிர். வயிறு பானைபோல் வீங்கி, வாந்தி வராமல் உமட்டிக்கொண்டே இருந்தால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, கணையப் பிரச்சினை, தோல் ஒவ்வாமை உள்ள நாய்களுக்கு மேலே சொன்ன அளவு எதுவும் பொருந்தாது. சென்னையில் வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும்போது ஒரு வாரம் என்னென்ன போட்டோம் என்று எழுதிய தாளையும் எடுத்துப் போங்கள், முறுக்கையும் மறைக்காமல் எழுதி.